மதிப்பெண்ணும் இடமும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவையொட்டி நடந்த கல்வி மகாநாட்டில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



தனியார் பள்ளிகளில் படித்து உயர்ந்த மதிப்பெண் பெறும் நம் பிள்ளைகட்குத் தலைசிறந்த கல்லூரிகளில் இடம் கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பது பற்றிப் பேசுமாறு காரியதரிசி அவர்கள் எனக்குக் கட்டளையிட்டார்கள். யான் தமிழ் படித்தவன், தமிழ் கற்பிப்பவன். கணக்கும் புள்ளிவிவரமும் வேண்டப்படும் இப்பொருளுக்கு என்னினும் தக்கார் இவ்வவையில் பலர் உளர். எனினும், பதினோராம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளோடு பழகி வருகின்றவன் என்னும் உரிமையால் இப்பணியை மேற்கொள்கின்றேன். குறையிருப்பின் பொறுத்துக்கொள்ள வேண்டுகின்றேன்.

மே மாதத்தில் பரீட்சை முடிவு வெளிவருகின்றது. 600-க்கு 580, 590 என்று பெற்ற பிள்ளையின் வீட்டில் இனிப்பு வழங்குகின்றார்கள். உறவினர் சால்வை போர்த்துகின்றார்கள். தெருமுனையில் பிளக்ஸ் பலகை எழுகின்றது. ஆகஸ்டு மாதத்தில் பார்த்தால் அவற்றுள் சில வீடுகள் துக்க வீடுபோலக் கிடக்கின்றன. பிள்ளை வெளியே வருவதில்லை. தந்தை நம் கூட்டத்துக்கு வருவதில்லை. தாய் கோயிலுக்கும் செல்வதில்லை. இவ்விரு மாதங்களுக்கும் இடையே அப்பிள்ளையின் அறிவு குறைந்துபோயிற்றா? இல்லை. உழைப்பு வீணாயிற்றா? அதுவும் இல்லை. பெரியவர்களாகிய நாம் போட்ட கணக்கே பிழைத்தது. அக்கணக்கு எங்கே பிழைக்கின்றது என்று காட்டுவதே இச்சொற்பொழிவின் நோக்கம்.

மதிப்பெண் என்பது வேறு. இடம் என்பது வேறு. மதிப்பெண் பிள்ளைக்கும் பாடத்துக்கும் இடையே உள்ளது. பிள்ளை நன்கு கற்றால் நல்ல மதிப்பெண் வரும்; பிறர் எவ்வளவு கற்றார் என்பது அதனைக் குறைக்காது. இடமோ பிள்ளைக்கும் பிற பிள்ளைகட்கும் இடையே உள்ளது. தீபாவளிக்கு முதல் நாள் சென்னையிலிருந்து ஊருக்கு வர எண்ணுகின்றோம். கையில் பணம் இருக்கின்றது. அதனால் மட்டும் இரயிலில் படுக்கை கிடைத்துவிடுமா? பணம் இல்லாதவனுக்கு நிச்சயமாகக் கிடைக்காது. பணம் உள்ளவனுக்கு எத்தனை படுக்கை, எத்தனை பேர் என்பதைப் பொறுத்தது. உயர்ந்த மதிப்பெண்ணும் அவ்வாறே. அது வரிசையில் நிற்பதற்குத் தகுதி. வரிசையின் முடிவில் உள்ள நாற்காலிக்குப் பட்டா அன்று.

இதற்கு முதற்சான்று பொறியியற் கல்லூரிச் சேர்க்கை. நமது மாநிலத்தில் 1984-ம் ஆண்டில் தொடங்கிய நுழைவுத் தேர்வு 2006-ம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது. 2007 முதல் மேனிலைப் பள்ளி மதிப்பெண்ணே அளவு. கணிதத்துக்கு 100, பௌதிகத்துக்கு 50, இரசாயனத்துக்கு 50 என்று 200-க்குக் கணக்கிடும் எண்ணையே கட்-ஆஃப் என்கின்றோம். இருநூறுக்கு இருநூறு பெற்றவர் 2024-ம் ஆண்டில் 65 பேர். 2025-ல் 144 பேர். குறையே இல்லாத மதிப்பெண் பெற்ற 144 பேருள் முதல்வர் யார், நூற்று நாற்பத்து நான்காமவர் யார்? கணித மதிப்பெண், பௌதிக மதிப்பெண், நான்காம் பாடம், மொத்த மதிப்பெண், பத்தாம் வகுப்பு மதிப்பெண் என்று வரிசையாகப் பார்த்து, அவையும் ஒத்திருந்தால் பிறந்த தேதியைப் பார்க்கின்றார்கள். அதுவும் ஒத்திருந்தால் கணிப்பொறி குலுக்கித் தந்த ரேண்டம் எண்ணைப் பார்க்கின்றார்கள். இருநூறு பெற்றவர் நிலையே இதுவாயின், 198-ம் 197-ம் பெற்றவர் நிலையைச் சொல்ல வேண்டா. கால் மதிப்பெண், அரை மதிப்பெண் இடைவெளிக்குள் பெருந்திரளாகப் பிள்ளைகள் நிற்கின்றார்கள். கிண்டிப் பொறியியற் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயன்ஸ் என்றால் அத்திரளின் தலைப்பகுதிக்கே கிட்டும். மாநிலம் முழுவதும் பொறியியல் இடங்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல் உள்ளன. ஆகவே பொறியியல் படிக்க இடமில்லை என்று எந்தப் பிள்ளையும் வருந்த வேண்டியதில்லை. எல்லாரும் ஒரே வாயிலில் ஒரே பாடத்துக்கு நிற்பதே இடர்.

இந்நிலை நம் மாநிலத்துக்கு மட்டும் உரியதன்று. தில்லிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்ரீராம் வணிகக் கல்லூரி 2011-ம் ஆண்டில் ஒருசார் மாணவர்க்கு நூற்றுக்கு நூறு மதிப்பெண் வேண்டும் என்று அறிவித்தபோது நாடே வியந்தது. 2021-ல் அப்பல்கலைக்கழகத்துக் கல்லூரிகள் பல அவ்வாறே அறிவித்தன. மதிப்பெண் நூற்றுக்கு மேல் ஏற இடமில்லை யாதலின், 2022 முதல் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு சி.யு.இ.டி. என்னும் பொது நுழைவுத் தேர்வு வந்தது. மதிப்பெண் பெருகப் பெருக அதன் பிரித்தறியும் ஆற்றல் குன்றுகின்றது என்பதனைத் தனியார் பள்ளிப் பெற்றோர் நன்கு மனத்திற் கொள்ள வேண்டும். தங்கள் பிள்ளையின் பள்ளியில் 580-க்கு மேல் பெற்றவர் முப்பது பேர் என்றால், அதனால் பள்ளிக்குப் பெருமைதான்; ஆனால் அம்மதிப்பெண் அரியதன்று என்பதற்கும் அதுவே சான்று.

இனி மருத்துவத்துக்கு வருவோம். நம் சமூகத்தில் பத்துப் பெற்றோரைக் கேட்டால் எட்டுப் பேர் பிள்ளையை டாக்டராக்க வேண்டும் என்பர். 2017 முதல் நமது மாநிலத்தில் மருத்துவச் சேர்க்கைக்கு நீட் தேர்வே அளவு. மேனிலைப் பரீட்சை மதிப்பெண், அத்தேர்வை எழுதத் தகுதி தருவதற்கு மேல் அங்கே ஒன்றும் செய்வதில்லை. அத்தேர்வு வேண்டுமா வேண்டாவா என்பது சட்டசபைக்கும் நீதிமன்றத்துக்கும் உரிய வழக்கு. ஈண்டு யான் அதனுட் புகேன். உள்ளது உள்ளபடி கணக்கை மட்டும் சொல்கின்றேன்.

2024-ம் ஆண்டில் நாடெங்கும் அத்தேர்வை எழுதியவர் 23 லட்சத்துக்கு மேற்பட்டவர். அவருள் தேறியவர் என்று அறிவிக்கப்பட்டோர் 13 லட்சத்துக்கு மேற்பட்டவர். எம்.பி.பி.எஸ். இடங்களோ ஒரு லட்சத்துக்குச் சற்றே அதிகம்; அவற்றுள்ளும் ஏறக்குறையப் பாதி தனியார் கல்லூரிகளில் உள்ளன. "என் மகள் நீட்டில் பாஸ்; ஆனாலும் இடம் தரவில்லை" என்று பெற்றோர் பலர் என்னிடம் வந்து முறையிடுவர். பாஸ் என்ற சொல்லே அவர்களை மயக்கிவிட்டது. பன்னிரண்டு அல்லது பதின்மூன்று பேர் பாஸானால் ஒருவருக்கே இடம் என்னும் தேர்வில், பாஸ் என்பது வாயிற்படியைத் தொட்டார் என்பதற்கு மேல் பொருள் தராது.

நமது மாநிலக் கணக்கைப் பார்ப்போம். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் மொழி. தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரிகள் 36. அவற்றில் எம்.பி.பி.எஸ். இடங்கள் சுமார் 5,000. நூற்றுக்குப் பதினைந்து அகில இந்தியப் பகுப்புக்குச் செல்லும், அது 750. எஞ்சியவை 4,250. அவற்றுள் நூற்றுக்கு ஏழரை அரசுப் பள்ளி மாணவர்க்கு; அது ஏறக்குறைய 319. எஞ்சியவை 3,931. இவற்றுள் பொதுப்பகுப்பு நூற்றுக்கு 31, அஃதாவது ஏறக்குறைய 1,218. நம்மவர்க்கு உரிய பிற்படுத்தப்பட்டோர் பகுப்பு நூற்றுக்கு 26.5, அஃதாவது ஏறக்குறைய 1,041. ஆக, தனியார் பள்ளியிற் படித்த நம் பிள்ளை அரசுக் கல்லூரியில் பெறத்தக்க இடங்கள் இரண்டு பகுப்பிலும் சேர்த்து 2,260 அளவே. இவற்றை நாடி நிற்போர் நம் சமூகத்தார் மட்டும் அல்லர். பொதுப்பகுப்பில் எல்லா வகுப்பாரும், நம் பகுப்பில் நம்மைப் போன்ற பல சமூகத்தாரும் நிற்கின்றனர். 2024-ல் தமிழ்நாட்டில் அத்தேர்வை எழுதியவர் ஏறக்குறைய ஒன்றரை லட்சம். எண்கள் ஆண்டுக்காண்டு சிறிது ஏறலாம், இறங்கலாம். கணக்குப் போடும் முறை இதுவே. தனியார் கல்லூரிகள் அரசு வழியாக நிரப்பும் இடங்கள் வேறு உள்ளன. அவற்றின் கட்டணம் ஆண்டுக்குப் பல லட்சம் என்பதையும் சேர்த்தெண்ண வேண்டும்.

பெரியோர்களே! மேற்கூறிய ஏழரை பற்றிச் சற்று நின்று பேச விரும்புகின்றேன். நம் கூட்டங்களில் இப்போது அடிக்கடி கேட்கும் குறை, "அரசுப் பள்ளிக்குக் கொடுத்துவிட்டார்கள், எங்கள் பிள்ளை இடத்தை இழந்தான்" என்பது. 2020-ம் ஆண்டில் அச்சட்டம் வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்க்கு உரியது அது. நீதியரசர் கலையரசன் குழு நூற்றுக்குப் பத்து என்றது. அரசு ஏழரையாக அமைத்தது. 2022-ல் சென்னை உயர்நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. 2021-ல் பொறியியல் முதலிய பிற தொழிற்கல்விக்கும் அம்முறை பரவிற்று. இதனால் நம் பிள்ளைகள் இழந்தது என்ன? கணக்கைப் பாருங்கள். ஏழரை இல்லாதிருந்தால் வரிசையில் அடுத்து நின்ற 319 பேர் அரசுக் கல்லூரிக்குள் சென்றிருப்பர். அந்த 319 பேர் மாநிலம் முழுவதும் எல்லா வகுப்பிலும் பரந்து கிடப்பவர். ஆயினும் இடம் கிடையாத பல்லாயிரம் பிள்ளைகளின் பெற்றோரும் தம் இடம் அதனாலேயே போயிற்று என்கின்றனர். முந்நூறு பேர் சொல்லத்தக்க குறையை முப்பதினாயிரம் பேர் சொல்லலாமா? இது நீதியும் அன்று, கணக்கும் அன்று.

மேலும், இவ்வழக்கை நாம் எடுத்துப் பேசுமுன் நம் வரலாற்றை நினைக்க வேண்டும். 1947-ம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் திருத்தியமைத்த வகுப்புவாரி உத்தரவுப்படி, கல்லூரியில் பதினான்கு இடம் இருந்தால் பிற்பட்ட இந்துக்களுக்கு என்று தனியே வைத்தவை இரண்டு. அவ்விரண்டுக்காக நம் போன்ற சமூகத்தார் எத்தனை மகாநாடு கூட்டினர், எத்தனை விண்ணப்பம் எழுதினர்! 1951-ல் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்சநீதிமன்றம் அவ்வுத்தரவு செல்லாது என்றது. அவ்வாண்டிலேயே அரசியல் சட்டம் முதன்முதலாகத் திருத்தம் பெற்று, பின்தங்கினோர்க்குத் தனி ஏற்பாடு செய்யும் உரிமை அரசுக்கு உறுதியாயிற்று. "எங்கள் பிள்ளைக்கு அறிவு குறைவில்லை; வீட்டில் விளக்கும் பள்ளியில் ஆசிரியரும் இல்லாமையே குறை" என்பதுதானே அக்காலத்தில் நம் பெரியோர் சொன்ன வாதம்? அவ்வாதத்தால் படியேறி, இன்று குளிர்வசதி செய்த வகுப்பறையில் பிள்ளையை அமர்த்தியிருக்கும் நாம், அதே வாதத்தை அரசுப் பள்ளிப் பிள்ளை சொல்லும்போது காதைப் பொத்திக்கொள்வது முறையாகுமா? அரசுப் பள்ளியிற் படிப்போர் யாரோ அல்லர். நம் சங்கத்தின் கிராமக் கிளைகளில் போய்ப் பாருங்கள். நம் அங்கத்தினர் பிள்ளைகளே அங்கும் படிக்கின்றனர். அந்த ஏழரையால் பயன்பெறுவோரில் அவர்களும் உளர்.

இனி ஐ.ஐ.டி. நுழைவைச் சுருங்கச் சொல்லி மேற்செல்வேன். 2024-ல் ஜே.இ.இ. மெயின் என்னும் முதல் தேர்வை எழுதியவர் 14 லட்சத்துக்கு மேல். அவருள் வடிகட்டப்பெற்று அட்வான்ஸ்டு என்னும் இரண்டாம் தேர்வை எழுதியவர் 1,80,200. தேறியவர் 48,248. இடங்கள் 17,740. முதல் வாயிலில் நின்ற எண்பது பேருக்கு ஓர் இடம் என்று கொள்ளலாம். அடுத்தடுத்த ஈராண்டுகளில் இரண்டு முறைதான் அட்வான்ஸ்டு எழுதலாம் என்பதையும் பெற்றோர் பலர் அறியாதிருக்கின்றனர்.

இவ்வளவு கேட்டபின், "அவ்வாறாயின் லட்சக்கணக்கில் செலவழித்துத் தனியார் பள்ளியில் சேர்த்ததன் பயன் யாது?" என்று ஒருவர் வினவலாம். பயன் உண்டு. ஆய்வுக்கூடம், ஆங்கிலப் பயிற்சி, வினாத்தாள் பழக்கம், உடன் படிக்கும் பிள்ளைகளின் ஊக்கம் ஆகியவை சிறிய உதவிகள் அல்ல. ஆனால் நாம் எதிர்பார்க்கும் பயனை அப்பள்ளிகளுட் சில தாமே கெடுக்கின்றன. தங்கிப் படிக்கும் பள்ளிகள் சிலவற்றில் பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலே இரண்டாண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை உருப்போடச் செய்யும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. இதனைத் தடுக்கவே 2018 முதல் பதினோராம் வகுப்புக்கும் பொதுப் பரீட்சை வைத்தார்கள். 2025-ல் மாநிலக் கல்விக் கொள்கை வெளிவந்தபோது அப்பரீட்சை நீங்கிற்று. பரீட்சை நீங்கியதால் பாடம் நீங்கிவிட்டதாக எண்ணற்க. நீட், ஜே.இ.இ. ஆகிய இரண்டும் பதினோராம் வகுப்புப் பாடத்திலிருந்தும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்திலிருந்தும் வினா எழுப்புகின்றன. முன்னதை விட்டவன் ஒரு காலால் ஓடுபவன் ஆவான். ஆகவே, பிள்ளையைச் சேர்க்குமுன் "பதினோராம் வகுப்புப் பாடத்தை முழுவதும் நடத்துகின்றீர்களா?" என்று தலைமையாசிரியரைக் கேளுங்கள்.

விளம்பரங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பத்திரிகையில் முழுப்பக்கம் நிறைய முகங்கள். இத்தனை பேர் ஐ.ஐ.டி., இத்தனை பேர் எய்ம்ஸ் என்று எழுதியிருக்கும். அப்பள்ளியிலிருந்து எழுதியவர் எத்தனை பேர் என்பது எழுதியிராது. ஒரே பிள்ளையின் முகம் அவன் படித்த பள்ளியின் விளம்பரத்திலும், அவன் மாதிரித் தேர்வு மட்டும் எழுதிய பயிற்சி நிலையத்தின் விளம்பரத்திலும் தோன்றுவதுண்டு. வென்றவர் தொகையைச் சொல்வாரிடம் எழுதியவர் தொகையைக் கேட்பது மரியாதைக் குறைவன்று.

தமிழாசிரியன் என்ற முறையிலும் ஒன்று கூறுகின்றேன். கட்-ஆஃப் கணக்கில் மொழிப்பாட மதிப்பெண் சேர்வதில்லை. அதனால் தேர்வுக்காலம் நெருங்கினால் முதலில் பறிபோவது தமிழ் வகுப்பு. மதிப்பெண் எளிதில் வரும் என்று தமிழை விட்டுப் பிரெஞ்சு எடுப்பாரும் உளர். இதனை மொழிப்பற்றால் மட்டும் குறையாகச் சொல்கின்றேன் அல்லேன். நீண்ட வாக்கியத்தைப் படித்துப் பொருள் பிரித்தறியாத பிள்ளை, பௌதிக வினாவையும் பாதியே விளங்கிக்கொள்கின்றான். தாய்மொழியில் நாள்தோறும் பத்துப் பக்கம் படிக்கும் பிள்ளைக்கு எப்பரீட்சையும் அந்நியமாகத் தோன்றுவதில்லை. இது யான் வகுப்பறையில் கண்ட உண்மை.

அடுத்து, ஓராண்டு வீட்டிலிருந்து மீண்டும் எழுதுவது பற்றி. நீதியரசர் ஏ. கே. இராஜன் குழு 2021-ல் தந்த அறிக்கையின்படி, நீட் வருமுன் 2016-17-ல் மருத்துவ இடம் பெற்றோருள் மறுமுறை முயன்றவர் நூற்றுக்குப் பன்னிருவர் அளவு; 2020-21-ல் அவர் நூற்றுக்கு எழுபத்தொருவர். ஆகவே, பள்ளியை விட்டு அன்று வெளிவந்த பிள்ளை, ஓராண்டும் ஈராண்டும் அதே பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவரோடு போட்டியிடுகின்றது. முதன்முறை இடம் கிடைக்காமை இழிவன்று, பெரும்பாலோர்க்கு நிகழ்வதே. மீண்டும் எழுதலாமா என்றால், முதன்முறை எல்லையை நெருங்கி நின்ற பிள்ளை, தானே விரும்பினால், ஒருமுறை எழுதலாம். எல்லைக்கு நெடுந்தொலைவில் நின்றவனைத் தந்தையின் விருப்பத்துக்காக மூன்றாண்டு அறையில் அடைப்பது கல்வியன்று, தண்டனை. அப்பயிற்சிக்காக நிலத்தையும் நகையையும் அடகு வைப்பது அதனினும் கொடிது. ஏனெனில் அக்கடனின் பாரம் முழுவதும் பிள்ளையின் நெஞ்சில் ஏறுகின்றது.

அப்பாரம் எங்கே கொண்டுவிடும் என்பதை நாடு கண்டிருக்கின்றது. 2017-ம் ஆண்டில் அரியலூர் மாவட்டத்து மாணவி அனிதா 1200-க்கு 1176 மதிப்பெண் பெற்றிருந்தார். கூலித் தொழிலாளியின் மகள். நீட் வரிசையில் மருத்துவ இடம் கிட்டவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அக்குடும்பத்தின் துயரம் வேறு. வசதியுள்ள வீடுகளின் ஏமாற்றம் வேறு. இரண்டையும் ஒன்றாக்கேன். ஆனால் ஓர் இடம் இல்லையாயின் உலகமே இல்லை என்று பிள்ளை எண்ணும் நிலை எந்த வீட்டிலும் வரக்கூடும். அவ்வெண்ணம் வராமற் காப்பது பெற்றோர் கடமை. "இடம் கிடைத்தாலும் கிடையாவிடினும் நீ எங்கள் பிள்ளை" என்பதைப் பரீட்சைக்கு முன்பே வாய்விட்டுச் சொல்லுங்கள். முடிவு வந்தபின் சொன்னால் அது ஆறுதலாகத்தான் ஒலிக்கும்.

வாயில்கள் பல உள. அவற்றை நம்மவர் அறியாமையே பெருங்குறை. உயிரியல் படித்த பிள்ளைக்கு நீட் இல்லாமலே கால்நடை மருத்துவம் உண்டு, வேளாண்மை உண்டு, இவ்விரண்டுக்கும் நமது மாநிலத்தில் மேனிலை மதிப்பெண்ணே அளவாக இருந்துவருகின்றது. கணிதத்தில் ஆழ்ந்த பிள்ளைக்குச் சிறுசேரியில் சென்னைக் கணிதக் கழகம் இருக்கின்றது. அதற்குத் தனி நுழைவுத் தேர்வு. விஞ்ஞான ஆராய்ச்சியை நாடுபவர்க்கு ஐசர் என்னும் நிலையங்கள்; சட்டத்தை நாடுபவர்க்கு கிளாட் தேர்வு வழியே தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள். சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் தொடங்கிய டேட்டா சயன்ஸ் பட்டப்படிப்புக்கு ஜே.இ.இ. வேண்டுவதில்லை, அதற்கென அமைந்த தகுதித் தேர்வில் தேறினால் போதும். 2024 முதல் விளையாட்டில் சிறந்தவர்க்கும் அந்நிறுவனம் தனியிடம் வைத்தது. ஆனால் அதற்கு ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேறியிருத்தல் வேண்டும். மாநிலக் கல்லூரியும் சென்னைக் கிறித்துவக் கல்லூரியும் இலயோலாவும் பல தலைமுறை அறிஞரை ஆக்கியவை. அங்கே பௌதிகமும் பொருளாதாரமும் வரலாறும் படிப்பது தோற்றவர் செயல் என்ற எண்ணம் நம் வீடுகளிலிருந்து நீங்க வேண்டும். இவற்றுட் பல தேர்வுகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். முடிவு வந்தபின் விசாரிப்பார்க்கு அவ்வாயில்களிற் பல மூடியிருக்கும்.

ஓர் உதாரணம் சொல்வேன். திருச்சி தூய வளனார் கல்லூரியில் பௌதிகம் படித்து, பின் குரோம்பேட்டையில் விமானப் பொறியியல் கற்ற இளைஞர் ஒருவர், விமானப்படையில் விமானியாக வேண்டும் என்று டேராடூன் சென்றார். தேர்வுக்கு வந்தவர் 25 பேர், இடம் எட்டு. அவர் ஒன்பதாமவர். எட்டாமவருக்கும் ஒன்பதாமவருக்கும் தகுதியில் எவ்வளவு வேற்றுமை இருந்திருக்கும்? ஆயினும் எல்லைக்கோடு அவர்களிடையே விழுந்தது. அவர் மனமுடைந்தார், பின் எழுந்தார். அவரே பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான அப்துல் கலாம். எல்லாரும் கலாம் ஆவர் என்று இதனால் கூறேன். எல்லைக்கோடு இடத்தின் தொகையைக் காட்டுமேயன்றி மனிதனின் தரத்தைக் காட்டாது என்பதற்கே இதனைச் சொன்னேன்.

ஆகவே பெற்றோர்களே! மூன்று காரியங்களைச் செய்யுங்கள். முதலாவது, மதிப்பெண்ணைக் கேளாது வரிசை எண்ணைக் கேளுங்கள். சென்ற மூன்றாண்டுகளில் எந்தக் கல்லூரியில் எந்தப் பாடத்தில் நம் பகுப்பில் கடைசியாக இடம் பெற்றவரின் எண் எது என்பது அரசு வெளியிடும் பட்டியலில் இருக்கின்றது. மாதிரித் தேர்வில் பிள்ளை எங்கே நிற்கின்றது என்பதோடு அதனை ஒப்பிடுங்கள். இரண்டாவது, பதினோராம் வகுப்புத் தொடக்கத்திலேயே மூன்று வாயில்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: எட்டுதற்கு அரியது ஒன்று, முயன்றால் எட்டுவது ஒன்று, உறுதியாகக் கிட்டுவது ஒன்று. மூன்றும் பிள்ளை விரும்பும் துறையாகவே இருக்கட்டும். மூன்றாவது, எவ்வளவு பணம் செலவிடலாம் என்பதைப் பிள்ளை பரீட்சை எழுதுமுன்பே முடிவு செய்யுங்கள். கவுன்சிலிங் நாளன்று கண்ணீரோடு செய்யும் முடிவு பெரும்பாலும் கடனிலேதான் முடியும்.

சங்கத்தாரிடமும் மூன்று விண்ணப்பம் வைக்கின்றேன். ஆண்டு விழாவில் மிகுந்த மதிப்பெண் பெற்றவர்க்குப் பொற்பதக்கம் தருகின்றோம். 2017-ல் அரசே பொதுப் பரீட்சையில் முதல் மூவர் பெயரை அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்திவிட்டது. நாமும் அப்பதக்கத் தொகையைப் பகிர்ந்து, அரசுப் பள்ளியிலிருந்து கல்லூரி புகும் பிள்ளைக்கும், குடும்பத்தில் முதன்முதல் பட்டப்படிப்பில் சேரும் பெண்ணுக்கும் தரலாம். இரண்டாவதாக, தாலுகாதோறும் கல்லூரியில் படிக்கும் நம் இளைஞர் நால்வரைக் கொண்டு ஒரு வழிகாட்டுக் குழு அமைக்கலாம். விண்ணப்பத் தேதி, பட்டியல், உதவித்தொகை ஆகியவற்றை அவர்கள் வீடுவீடாகச் சொல்லலாம். இதற்குப் பெரும்பொருள் வேண்டா, மனம் வேண்டும். மூன்றாவதாக, இடம் கிடைத்தும் கட்டணம் கட்ட வகையின்றி நிற்கும் பிள்ளைக்கு வட்டியில்லாக் கடன் தர ஒரு நிதி தொடங்கலாம். இடம் இல்லாமல் ஒரு பிள்ளை வேறு படிப்புக்குச் செல்வது இயற்கை. இடம் இருந்தும் பணம் இல்லாமல் திரும்புவது சங்கத்துக்கு இழுக்கு.

மாணவச் செல்வங்களே! நீங்கள் பெற்ற மதிப்பெண் உங்கள் உழைப்பின் கூலி. அதனை ஒருவரும் உங்களிடமிருந்து பறிக்க இயலாது. இடம் என்பது அவ்வாண்டின் கூட்டத்தையும் நாற்காலியின் தொகையையும் பொறுத்தது. முன்னதற்கு நீங்கள் பொறுப்பு, பின்னதற்கு அல்லீர். கிடைத்த கல்லூரியில் நூலகம் எங்கே இருக்கின்றது என்று முதல் நாளே தேடிக் கண்டுபிடியுங்கள். நல்ல ஆசிரியர் ஒருவர் எல்லாக் கல்லூரியிலும் இருப்பார், அவரை அணுகுங்கள். உங்களோடு படிக்கும் அரசுப் பள்ளி மாணவனுக்கு ஆங்கிலம் தடுமாறினால் பக்கத்தில் அமர்ந்து சொல்லிக்கொடுங்கள்.

நம் பிள்ளைகள் கல்வியிற் சிறந்து, எந்த வாயில் வழியே சென்றாலும் நாட்டுக்குப் பயன்படும் நன்மக்களாக வாழ்க!